புழுவெட்டுக்கு ஒரு மருந்து

போடியில் தலைமுடியைப் பற்றிக் கவலைப்படாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் சரியில்லை என்பார்கள். போர்த் தண்ணீர் வந்த பிறகுதான் கொட்டுகிறது என்பார்கள். ஹெல்மெட்டால் என்பார்கள், ஷாம்பூவால் என்பார்கள், மருமகள் வந்த நேரம் என்றுகூடச் சொல்வார்கள். வைத்தியமும் ஆளுக்கொன்று. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கிறவர்கள் உண்டு. எண்ணெய் வாங்குவதற்கென்றே போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குப் போகிறவர்கள் உண்டு. மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று வீரபாண்டித் திருவிழாவுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. என் சிநேகிதர் ஒருவர் மதுரைக்குப் போய், பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டுக்கொண்டு வந்தார். நாற்று நட்ட வயல்போல வரிசையாக இருந்தது. ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒருவருடைய குறையைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று நினைக்கிறவன் நான்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள் ஐயா. சொல்கிறேன். என் பெயர் கோட்டைச்சாமி. வயது ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டு வருஷமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். மலைமேல் ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து பாதிக்கு மேல் என் கடையிலிருந்துதான் ஜீப்பு ஏறுகிறது. காலையில் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் ஜீப்புக்காக என் கடை வாசலில்தான் நிற்பார்கள். அவர்களுக்காக ஒரு பானைத் தண்ணீரும் இரண்டு பெஞ்சும் போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் படுதா கட்டி வைப்பேன். பெரிய தர்மம் செய்ய எனக்கு வசதி இல்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நல்ல வார்த்தை, இவைதான் கடைசியில் மனிதனோடு வரும் என்று முருகன்மேல் ஆணையாக நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன்.

தலையில் காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி உதிர்ந்து போவதை எங்கள் பக்கம் புழுவெட்டு என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு வேரை வெட்டுகிறது என்று அர்த்தம். எனக்கு இருபத்தாறு வயதில் தாடியில் வந்தது. நான் கண்ணாடி பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தபோது, எஸ்டேட்டில் மருந்து அடிக்கிற கண்ணுச்சாமி அண்ணன் வந்தார். "ஏப்பா, புழுதானே வெட்டுது. புழுவுக்கு மருந்தை ஊருக்கெல்லாம் வித்துக்கிட்டு நீ கடைக்குள்ள அழுதுக்கிட்டிருக்க" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதோ என்னவோ. நான் செய்து பார்த்தேன். நாலு மாதத்தில் தாடி முளைத்தது.

அதன் பிறகுதான் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தேன். தேங்காய் எண்ணெயில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சி, ஆறின பிறகு சிவப்புக் கட்டம் போட்ட ஒரு டப்பாவிலிருந்து சில சொட்டு விடுவேன். எந்த டப்பா என்பதைத் தனியாக எழுதிக் கொடுக்கிறேன். இதில் வேண்டாம், படிக்கிறவர்கள் யாராவது செய்து பார்த்துவிடுவார்கள். முப்பது வருஷத்தில் நாற்பது பேருக்காவது கொடுத்திருப்பேன். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பலருக்கு முளைத்தது. சிலருக்குத் தலைவலி வந்தது. கன்னையன் என்று ஒருவர் இரண்டு நாள் வாந்தியெடுத்துப் படுத்தார். அவர் வயதானவர். எண்ணெயில் என்ன போடுகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரோஜா ஆடி மாத நடுவில் வந்தாள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜீப்பு ஏறுகிற ராக்குவின் மூத்த மகள். வயது இருபத்துமூன்று. டவுனில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. ராக்கு என்னை அண்ணே என்பாள். அதனால் ரோஜாவுக்கு நான் மாமா.

"மாமா, ஒங்கட்ட எண்ணெய் இருக்காம்ல."

"யாருக்குத்தா?"

"எனக்குத்தேன்." திரும்பி நின்று காதுக்குப் பின்னால் முடியைத் தூக்கிக் காட்டினாள். "மூணு கட்டம் ஆயிருச்சு. இன்னும் ஒண்ணு விழுந்தா தாயம் விளையாடலாம்."

அவள் அப்படித்தான். அழ வேண்டிய இடத்தில் சிரிப்புக் காட்டுவாள்.

தேனியில் தோல் டாக்டரிடம் போய் வந்ததாகச் சொன்னாள். "புழுவெல்லாம் கெடையாதாம் மாமா. ஒடம்பே தன் முடிய எதிராளின்னு நெனச்சுக்கிருமாம். மாசம் ஒருக்கா அந்த எடத்துலயே சின்னச் சின்ன ஊசி போடணுமாம். ஒண்ணு போட்டாச்சு. தெனமும் தடவ ஒரு தண்ணி குடுத்துருக்காக. ஆறு மாசம் ஆகும், பொறுமையா இருந்தா தானாவே முளைக்கவும் செய்யும்ங்கிறாக. முளைக்கிற வரைக்கும் செயற்கை முடி வச்சுக்க, வெக்கப்பட ஒண்ணுமில்லைன்னாக."

"வச்சுக்கிற வேண்டியதுதானே."

"பூ வைக்க வர்றாகளே."

அதுதான் விஷயம். அவளை அருண்பாண்டிக்குப் பேசி முடித்திருந்தார்கள். போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிற பையன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூ வைக்கிற சடங்கு. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் அக்காளும் சின்னம்மாளும் வந்து, பெண்ணைப் பலகையில் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு வாரி, தங்கள் கையால் பின்னித்தான் பூ வைப்பார்கள். சபை முழுக்கப் பெண்கள் சுற்றி நிற்பார்கள். ஒட்டு முடியை அங்கே மறைக்க முடியாது. இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் அவளுக்குப் பயன்படாது என்று எனக்குத் தெரிந்தது. சடங்கைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று ராக்குவிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "தலையில ஊசி போட்டா பின்னால பிள்ளைப்பேறுக்கு ஆகாது ஆத்தா, நிப்பாட்டிரு" என்றேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எனக்குத் தோன்றியது, சொன்னேன். ஒரு சின்னப் பெண்ணை மாதாமாதம் தலையில் குத்துவதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

நாள் குறைவாக இருந்ததால் வழக்கமாக விடுகிற சொட்டைவிடக் கூடுதலாக விட்டேன். தேய்த்த பிறகு இறுக்கித் துணி கட்டச் சொன்னேன். தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடச் சொன்னேன். குப்பியைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, திருநீறு போட்டுத்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ அருண்பாண்டி கடைக்கு வந்தான். எஸ்டேட்டுக்கு மருந்து ஏற்ற வந்தவன், டப்பாக்களை ஜீப்பில் அடுக்கிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தான்.

"அண்ணே, ரோஜாவுக்கு என்ன எண்ணெய் குடுத்தீக?"

அவனுக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"அவதேன். புழுவெட்டுன்னு மொத மாசமே எங்கிட்டச் சொல்லிட்டா. தேனிக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தேன். எனக்குத் தெரியும்ங்கிறது அவ அம்மாவுக்குத் தெரிய வேணாம். மாப்ளைக்குத் தெரிஞ்சு போச்சேன்னு அந்தம்மா ஒடிஞ்சு போகும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு நாளா அவளுக்குக் கண்ணு மங்குதாம்ணே. வாயில எச்சியா ஊறுதாம். மூக்கு ஒழுகுது, கை வெடவெடங்குது. எங்க எஸ்டேட்ல மொகத்துல துணி கட்டாம மருந்து அடிச்சவனுகளுக்கு இப்படித்தேன் வரும். அதுல என்ன போடுறீக?"

"மூலிகைதான் தம்பி. ஒடம்புச் சூடு எறங்குது. அப்பிடித்தான் இருக்கும்."

"எறங்குனது போதும். அவளுக்கு ஒத்த முடி இல்லாட்டியும் நான் கட்டிக்கிருவேன். சடங்குல எங்க அக்கா வாயத் தொறந்தா நான் பாத்துக்கிறேன். எண்ணெய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, மாமா மனசு நோகும்ங்கிறா."

மாமா மனசு நோகும். அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவன் பேசியது உண்மையிலேயே நோகத்தான் செய்தது. முப்பது வருஷமாக ஒரு நல்ல காரியத்தைக் கூலி வாங்காமல் செய்கிறவனை, நேற்று ஜீப்பு ஓட்டக் கற்றவன் கேள்வி கேட்கிறான். இருந்தாலும் கோபப்படவில்லை. பார்த்துச் சொல்கிறேன் தம்பி என்று அனுப்பிவிட்டேன். போகிறபோது எடுத்த மருந்துக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

சாயந்திரம் கிட்டங்கி விட்டு வந்த ரோஜாவிடம் சொன்னேன். "மாப்ளை வந்தான். எண்ணெய் வேணாம்ங்கிறான். ஒன் இஷ்டம்தான் ஆத்தா. முளைக்கிற நேரத்துல விட்டா இம்புட்டு நாள் தேச்சது வீணாப் போகும்." அவ்வளவுதான் சொன்னேன். தேய் என்று வற்புறுத்தவில்லை.

மறுநாள் கிட்டங்கி வாசலில் அருண்பாண்டி அவளோடு சத்தம் போட்டதைக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். "ஒண்ணு அதைத் தூக்கிப் போடு, இல்ல என்னைய விட்டுரு" என்றானாம். எதைத் தூக்கிப் போடச் சொன்னான் என்பது கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்ணெய் கொடுத்த பத்தொன்பதாம் நாள், காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அமுதவள்ளி, "ஏடி, பூ வைக்கிறதுக்கு முன்னாடியே மயக்கமாடி ஒனக்கு" என்று கேலி செய்திருக்கிறாள். பிறகுதான் வாயில் நுரையைப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராக்கு மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் நான் போய்விட்டேன். அவளுக்கு ஆண் துணை கிடையாது. பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பெயர் வித்யா. சின்ன வயது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்ததுமே பூச்சிமருந்து என்று கண்டுகொண்டார். எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்டர்களுக்கு அது பழகிப்போனது. ராக்கு வந்ததும் அவளிடம் கேட்டார்.

"வீட்ல மருந்து குடிச்சாளாம்மா?"

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் ஐயா. செடிக்கு அடிப்பது மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பது மருந்து, சாவதற்குக் குடிப்பதும் மருந்து. ஆனால் தலைக்குத் தேய்ப்பதற்குப் பெயர் எண்ணெய்.

"மருந்தே எங்க வீட்ல இல்ல தாயி" என்றாள் ராக்கு. "ஒரு மருந்தும் அவ எடுக்கல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். புழுவெட்டு என்ற வார்த்தை அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் பயந்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான்.

வயிற்றைக் கழுவினார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிவாள், திரும்ப விழுவாள். சாயந்திரம் ஒரு நர்ஸம்மா வாளியில் தண்ணீரோடு வந்தார்.

"தலைத்துணிய அவுங்க. எண்ணெய் பிசுபிசுன்னு இருக்கு, அலசி விட்டுர்றேன்."

ராக்கு மகள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "வேணாம் தாயி. பூ வைக்கிற புள்ள. அவுக எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. தலைய மட்டும் தொடாதீக."

"உசுருக்கு ஓடிக்கிட்டிருக்கோம், நீ மசுருக்கு அழுகிறியே."

அப்போது நான் எழுந்து போய் நர்ஸம்மாவிடம் பேசினேன். "ஒரு பொம்பளப் பிள்ளையோட மானம்மா. பெத்தவ கெஞ்சுறா. கொஞ்சம் தெளியட்டும், பெறகு அலசிக்கிருவோம்." அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "ஒங்க வார்த்தைக்காக விடுறேன் ஐயா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ராக்கு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தத் துணிக்குள் இருந்தது நான் கொடுத்த எண்ணெய். சிவப்புக் கட்டம் போட்ட டப்பாவுக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். அதில் தமிழில் முதல் வரியே, உடம்பில் பட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவ வேண்டும் என்பதுதான். டிரைவர்களுக்குப் படிக்க நேரமிருக்காது என்று, முப்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொருவருக்கும் அந்த வரியை நானே வாசித்துக் காட்டுவேன். அருண்பாண்டிக்கும் வாசித்திருக்கிறேன். வயிற்றில் இல்லாத விஷத்தை அவர்கள் வயிற்றில் தேடிக்கொண்டிருந்தார்கள். தலையைக் கழுவுங்கள் என்று இரண்டு வார்த்தை. மூன்று நாள் நான் அந்த வராந்தாவில் இருந்தேன். நர்ஸம்மா திரும்ப இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ராக்குவுக்காக நான்தான் பேசினேன்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ராக்குவிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

மூன்றாம் நாள் ரோஜா போய்விட்டாள்.

ஊர் அவரவர் மனத்துக்குத் தோன்றியபடி பேசியது. மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள். புழுவெட்டு விஷயம் எப்படியோ வெளியே வந்தது. முடியில்லாதவள் வேண்டாம் என்று அருண்பாண்டி விரட்டினான், அவமானத்தில் குடித்தாள் என்று முடிவு கட்டினார்கள். கிட்டங்கி வாசலில் அவன் போட்ட சத்தத்துக்குச் சாட்சி பத்துப் பேர். அவன் மட்டும் எண்ணெய், எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

துக்கம் கேட்கப் போனபோது ராக்கு வீட்டு மாடக்குழியில் இருந்த குப்பியை எடுத்துக்கொண்டேன். அதே இடத்தில் அதே மாதிரிக் குப்பி வைத்தேன். அதில் வெறும் செம்பருத்தி எண்ணெய். அதைத்தான் நீங்கள் சோதனைக்கு அனுப்பினீர்கள்.

பிறகு கடைக்கு வந்தீர்கள். ரோஜா உடம்பில் கண்ட மருந்தை அருண்பாண்டி உன்னிடம் வாங்கியிருக்கிறானா என்று கேட்டீர்கள். பதிவேட்டைக் காட்டினேன். எஸ்டேட்டுக்கு ஏற்றின ஒவ்வொரு லோடுக்கும் அவன் கையெழுத்து இருந்தது. அதை வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னேன். அன்று ராத்திரி வழக்கம்போலத் தேவாரம் படித்துவிட்டுத்தான் படுத்தேன்.

அவன் தாயார் ஒச்சம்மாள் ஒரு நாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்பு, சாமீனுக்கு ரெண்டு பேரு கையெழுத்து வேணுமாம். எங்க சாதி சனத்துல ஒருத்தனும் வர மாட்டேங்கிறான். கொலகாரன் ஆத்தான்னு தண்ணி மொண்டாக்கூட வெலகி நிக்கிறாக. ஒங்களுக்குத்தேன் எரக்கம் உண்டு."

நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை ஜாமீன் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சோலிக்காகக் கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க அவளோடு கோர்ட்டில் நின்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவன் உள்ளே இருந்தாலும் விசாரணை நடக்கும், குற்றம் இல்லையென்றால் கடவுள் விடுவிப்பார் என்று இருந்தேன். போன வாரம் ராக்கு வந்தாள். அவளுடைய இளைய மகள் நிலாவையும் கூட்டி வந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள்.

"அண்ணே, இவளுக்கும் வந்துருச்சு." சிறுமியின் தலையைக் குனியவைத்து உச்சியில் காட்டினாள். ஒரே ஒரு வட்டம். "பள்ளிக்கூடத்துல சொட்ட சொட்டங்கிறாகளாம். போக மாட்டேங்கிறா."

"தேனி டாக்டர்ட்ட காட்டலாமே" என்றேன். சொன்னேன் ஐயா, சொல்லாமல் இல்லை.

"ஊசின்னா அழுகிறாண்ணே. எனக்கு ஒங்க எண்ணெய்தேன் நம்பிக்கை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூத்தவளக் குளிப்பாட்டயில பாத்தேன். அந்த மூணு எடத்துலயும் பூனைமுடியாட்டம் வெள்ளையா முளைச்சிருந்துச்சு. முளைச்சதப் பாக்காமப் போயிட்டாளே பாவி. இன்னும் மூணு நாள் பொறுத்திருந்தா பூ வச்சிருக்கலாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை எனக்கு அது தெரியாது.

செம்பருத்தி எண்ணெய் மட்டும் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்கிறேன். அதை யோசித்தேன். ஆனால் மகளைப் பறிகொடுத்தவள், என்னை நம்பி வந்து நிற்கிறாள். அவளுக்கு வெறும் எண்ணெயைக் கொடுத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் சொட்டைக் குறைத்தேன். துணி கட்ட வேண்டாம் என்றேன். வெயிலில் விளையாடாதே கண்ணு என்று சொல்லி, ஒரு மிட்டாயும் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடத்திலிருந்து நிலாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ராக்கு எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "அண்ணே, வெரசா வாங்க, இவளும் மருந்து குடிச்சிட்டாண்ணே" என்று கதறினாள். அக்காளை நினைத்து நினைத்துத் தங்கையும் குடித்துவிட்டாள் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

நான் போனபோது அதே டாக்டரம்மா. சிறுமியின் கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து, தலையை மோந்து பார்த்தார். "சோப்பு கொண்டாங்க, தலையைக் கழுவுங்க, முடிய ஒட்ட வெட்டுங்க" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். அதே நர்ஸம்மாதான். வெட்டின முடியை ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்கச் சொன்னார். ராக்குவிடம், "இவ தலையில என்னம்மா தேச்ச?" என்று கேட்டார்.

"அண்ணே குடுத்த எண்ணெய் தாயி" என்று ராக்கு என்னைக் கை காட்டினாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன கடை வச்சிருக்கீங்க?" என்றார்.

அப்போது நான் சொன்னேன். டப்பாவின் பெயரைச் சொன்னேன். எவ்வளவு விட்டேன் என்பதைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நிலா பிழைத்துக்கொண்டாள். நான் சொன்னதால்தான் பிழைத்தாள். அதற்கு முன்பே முறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, தலையைக் கழுவி முடித்திருந்தார்கள் என்று டாக்டரம்மா உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் அவசரத்தில் இருந்தார். வரிசை மாறியிருக்கலாம்.

ராக்கு வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள். "மூணு நாளும் தலையைக் கழுவ வேணாம்னீகளே அண்ணே" என்றாள். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்வதற்குள் நர்ஸம்மா வந்து அவளை அணைத்துக் கூட்டிப் போய்விட்டார். அந்த நர்ஸம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவர்மேல் தப்பு இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

நான் செய்தது இவ்வளவுதான். ரோஜா இறந்தது என் எண்ணெயால். அருண்பாண்டி ஒரு குற்றமும் செய்யவில்லை. அவனை இன்று விட்டுவிட்டால், ஒச்சம்மாளுக்கு நான் சொல்லி அனுப்பினதாகச் சொல்லுங்கள். அந்த அம்மாள் சந்தோஷப்படுவாள்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது ஐயா, அதைச் சேர்க்க வேண்டும். ரோஜா என் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தவில்லை, அருண்பாண்டியோடு போய் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டாள் என்று தேனி டாக்டரின் சீட்டைக் காட்டினீர்கள். முடி முளைத்தது அதனால்தான், இல்லையென்றால் தானாக முளைத்தது என்கிறீர்கள். இருக்கட்டும். ஊசி போட்டது இரண்டே நாள். நான் கொடுத்தது பத்தொன்பது நாள். மூன்று இடத்திலும் முளைத்திருந்தது என்று பெற்ற தாயே சொல்லியிருக்கிறாள். எதனால் என்று நீங்கள் எழுத வேண்டாம், முளைத்திருந்தது என்று மட்டும் எழுதுங்கள், படிக்கிறவர்களுக்குப் புரியும்.